ஆமிக்காரன் வேஷம் போட்ட பாட்டுக்காரன்

சென்ற மாரியில், மொன்றியலுக்குப் பக்கத்தில் கர்க்லாண்டில் ஒரு பெரிய வீட்டில் படப்பிடிப்பு. நடிப்பு வேலையை விட்டு வீட்டில் இருந்த என்னை ஒருநாளைக்கு வரமுடியுமா என்று கேட்டார்கள். கலியாண வீட்டில் மூலைக் கதிரையில் உட்கார்ந்திருக்கிற கிழவர் வேஷம். வசனம் கிடையாது. கிழவராக நடிக்க எனக்கு இப்போது ஒப்பனைகூடத் தேவையில்லை என்பதால் ஒத்துக்கொண்டேன்.

தொடங்குவதற்கு முன் ஒரு பெண் வந்து எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து அறையில் ஒரு கண்ணாடிக் கதவு உடையும், சத்தம் பெரிதாக இருக்கும், ஆனால் அது உண்மையான கண்ணாடி அல்ல, யாருக்காவது அந்தச் சத்தம் ஒத்துக்கொள்ளாதென்றால் இப்போதே சொல்லலாம் என்றாள். இதைச் சொல்வதற்கென்றே அவளைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்களாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பக்கத்தில் நிலானி நின்றாள். எங்கள் ஆட்களின் பிள்ளைதான், இங்கேயே பிறந்து வளர்ந்து இப்போது நடிக்க வந்திருக்கிறாள். "ஏன் அங்கிள் சிரிக்கிறீங்கள்? உங்கட காலத்தில இப்படிச் சொல்லமாட்டினமோ?" என்று கேட்டாள்.

"சொல்லாமல் விடுறதுதான் பிள்ளை அப்ப தொழில்" என்றேன்.

பிறகு கண்ணாடி உடைந்தது. அங்கே நின்ற அத்தனை பேரிலும் கதிரையை விட்டுத் துள்ளி எழுந்தவன் நான் ஒருவன்தான். காட்சியை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. வில்லனாக நடித்து ஊரைப் பயமுறுத்திய மனிதர் இவ்வளவு பயந்தாங்கொள்ளியா என்று நிலானி அன்று முழுக்கப் பகிடி பண்ணினாள். அதற்குப் பதில் சொல்வதென்றால் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

நான் நடிக்க வந்தது நாற்பது வயதுக்கு மேல். அதற்கு முன் பாட்டுக்காரன். அதுவும் எங்கள் ஆட்கள் காது கொடுக்காத பாட்டு. திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் வெள்ளைக்காரன் இருந்த கடைசிக் காலத்தில், அங்கே கன்டீனில் கோப்பை கழுவப் போனேன். மாலுமிகள் விட்டுப்போன இசைத்தட்டுகள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. அவற்றில் சில, அமெரிக்காவில் கறுப்பு மனிதர்கள் பாடிய புளூஸ். வேலை போனவன், பெண்சாதி விட்டுப்போனவன், பொலிஸுக்குப் பயந்து ஊரை விட்டு ஓடுகிறவன், இவர்களுடைய பாட்டு. எனக்கு வாய்த்ததும் கரகரத்த குரல். அந்தக் குரலோடு கோயிலில் தேவாரம் பாடப்போனால் ஐயரே எழும்பிப் போய்விடுவார். இந்தப் பாட்டுக்கு அது பொருந்தியது. பிறகு கொழும்பில் ஒரு ஹோட்டல் இசைக்குழுவில் சேர்ந்து இருபது வருடமளவில் பாடினேன். அப்பா கடைசிவரைக்கும் ஊரில் சொன்னது, "இவன் கொழும்பில ஹோட்டல் ஒண்டில வேலை" என்பது மட்டும்தான்.

புளூஸில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் நடிப்பு அதிலிருந்துதான் வந்தது. ஒரு வரி பாடிவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த இடைவெளியில் கிட்டார் பதில் சொல்லும். புதிதாக வருகிறவன் அந்த இடைவெளியைத் தாங்கமாட்டான், அவசரப்பட்டு அடுத்த வரிக்குத் தாவிவிடுவான். இவன் பாடப்போகிறானா இல்லையா என்று கேட்கிறவர்கள் கதிரை நுனிக்கு வந்த பிறகு, கொஞ்சம் பிந்தி, மெல்ல எடுக்க வேண்டும். இதைப் பழக எனக்குப் பல வருடங்கள் போயின.

எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் ஹோட்டலும் எரிந்தது, நாங்கள் இருந்த அறையும் எரிந்தது. நானும் என் மனைவி நேசமும் திருகோணமலைக்குத் திரும்பிப் போனோம். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி ஆண்களை இறக்கினார்கள். ஒரு இளம் அதிகாரி என் அடையாள அட்டையை வாங்கினான். வாங்கி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்க்கவில்லை. அடிக்கவில்லை, திட்டவில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை. என் தொடை இரண்டும் தாமாக ஆடத் தொடங்கிவிட்டன. பிறகு மெல்லிய குரலில் என் பெயரைக் கேட்டான், அட்டையில் எழுதியிருக்கிற அதே பெயரை. சொன்னேன். அட்டையைத் தந்துவிட்டுப் போகச் சொன்னான். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து யாராவது மெல்லிய குரலில் என் பெயரைக் கேட்டால், கதவு எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

அதன்பிறகு அகதியாகக் கனடா, மொன்றியல். கோத்-தெ-நேஜில் ஒரு சின்ன அறை. பகலில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். கன்டீனில் தொடங்கியவன் உலகத்தைச் சுற்றி வந்து திரும்பவும் கோப்பையிடமே வந்து சேர்ந்தேன். கிழமைக் கடைசியில் நகரத்தின் நடுவில் ஒரு நிலக்கீழ் மதுச்சாலையில் பாடினேன். அங்கே கேட்க வந்தவர்களில் ஒருவர்தான் குளோத்.

குளோத் படம் எடுக்கிறவர், இந்த ஊர்ப் பிரெஞ்சுக்காரர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. படப்பிடிப்பில் மற்றவர்கள் எல்லோரும் சத்தம் போட்டு ஓடித்திரிகிறபோது அவர் ஒரு முக்காலியில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருப்பார். தோல் அறுபடாமல் ஒரே நீளமாக வரவேண்டும் அவருக்கு. யாராவது பிழை விட்டால் பக்கத்தில் கூப்பிட்டு, ஒரு சுளையைக் கையில் கொடுத்து, காதோடு காதாகச் சொல்வார். பேச்சு வாங்கினவன் பழத்தைத் தின்றுகொண்டே திரும்பிப் போவான். கத்துகிறவனோடு பதிலுக்குக் கத்தலாம். இப்படிப்பட்ட மனிதரிடம் மாட்டேன் என்று சொல்வதுதான் கஷ்டம்.

"நீங்கள் பாடுகிறபோது எனக்கு ஒன்றும் இல்லை. பாடாமல் நிற்கிறீர்களே, அப்போதுதான் பயமாக இருக்கிறது. அந்த நிற்பதை என் படத்துக்குத் தாருங்கள்" என்றார்.

படத்தில் பெயர் சொல்லாத ஒரு நாடு. ஒரு பள்ளிக்கூடத்தில் சனங்களை அடைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு இராணுவ அதிகாரி வந்து அடையாள அட்டைகளைப் பார்க்கிறான். அந்த அதிகாரி நான். ஒரே ஒரு காட்சி.

நேசத்திடம் சொன்னபோது அவள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"உந்த உடுப்பை உடம்பில போடப்போறீங்களோ?"

"நடிப்புத்தானே."

"எங்கட கேஸ் இன்னும் முடியேல்ல. ஆரும் படத்தைப் பாத்திட்டு, இந்தாள் அங்க ஆமியில இருந்தது எண்டு இமிகிரேசனுக்குச் சொன்னால் என்ன செய்வீங்கள்? சொல்ல ஆக்கள் இல்லையெண்டு நினைக்கிறீங்களோ?"

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆனாலும் போனேன். கோப்பை கழுவிக் கழுவி விரலெல்லாம் வெடித்துப் போயிருந்த நேரம் வேறொரு கதவு திறந்தது. அதை மூட எனக்கு மனம் வரவில்லை.

அந்த வேலையில் எத்தனை நுணுக்கம் இருக்கிறதென்று அப்போதுதான் கண்டேன். உடுப்புக்குப் பொறுப்பான பெண் புதுச் சீருடையைத் திரும்பத் திரும்பத் தோய்த்து, கழுத்துப் பட்டியைக் கல்லால் தேய்த்து, பல வருடம் போட்ட உடுப்பு மாதிரி ஆக்கிவிட்டாள். சப்பாத்துக் குதியில் இரும்பு அடித்தார்கள். ஒலிப்பதிவாளர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு என்னை நடைபாதையில் மேலும் கீழும் நடக்கவிட்டு, "கொஞ்சம் மெல்ல, கொஞ்சம் மெல்ல" என்றார். மெல்ல நடக்க நடக்க அந்தச் சத்தம் எனக்கே ஒருமாதிரி இருந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்தபோது கை தானாகச் சேர்ட் பைக்குப் போய் அடையாள அட்டையைத் தேடியது.

குளோத் ஒரு கட்டளை போட்டிருந்தார். காட்சி எடுக்கும்வரை சனங்களாக வருகிறவர்கள் என் முகத்தைக் காணக்கூடாது. நான் வேறு வாகனத்தில் வரவேண்டும், வேறு அறையில் சாப்பிட வேண்டும். என்ன நடக்கப்போகிறதென்றும் அவர்களுக்குச் சொல்லப்படாது. முன்கூட்டியே தெரிந்தால் பயம் போலியாக இருக்கும் என்பது அவர் கொள்கை. அப்போது பெரிய பெரிய இயக்குநர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், ஒருவரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

இன்னுமொன்று கேட்டார். "உங்கள் நாட்டில் அதிகாரிகள் என்ன மொழி பேசுவார்கள்?"

"சிங்களம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"கொழும்பில் இருந்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா?"

"அப்படியென்றால் அதில் பேசுங்கள். இங்கே படம் பார்க்கிறவனுக்கு எந்த மொழியும் ஒன்றுதான்" என்று சொல்லி ஒரு சுளையை என் கையில் வைத்தார்.

சனங்களாக யார் வரப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

படப்பிடிப்பு லாசாலில் மூடிக்கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தில். வெளியே முழங்காலளவு பனி. நான் உள்ளே நடைபாதையில் தனியே நிற்கிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஆட்கள் கதைக்கிற சத்தம் கேட்டது. காதைக் கொடுத்தால் தமிழ். மட்டக்களப்புப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் கலந்து கேட்கிறது. "இவங்கள் சாப்பாடு தருவாங்களோ, இல்லாட்டி வரிசையில நிக்க வைச்சுப் படம் மட்டும் எடுப்பாங்களோ" என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரிக்கிறார்கள். உள்ளே இருப்பது எங்கள் சனம், நான் போட்டிருப்பது இந்த உடுப்பு. திரும்பிப் போய்விடலாமா என்று பார்க்கிறேன், அதற்குள் காட்சி தொடங்குகிற பலகை அடிபட்டுக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

சிரிப்பு அறுந்தது. எனக்குச் சொல்லித் தந்தபடி ஒருவரையும் பார்க்காமல் மண்டபத்தின் நடுப்பகுதி வரை நடந்தேன். ஆட்களின் கையில் ஆளுக்கொரு போலி அட்டை கொடுத்திருந்தார்கள். முன்னால் நின்றவர் மெலிந்த மனிதர், முப்பது வயது இருக்கும், முன்மயிர் மட்டும் நரைத்திருந்தது. அவருடைய அட்டையை வாங்கினேன். வாங்கி அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கிட்டாருக்குக் காத்து நிற்பதுபோல நின்றேன். பிறகு, கொஞ்சம் பிந்தி, மெல்ல, உன் பெயர் என்ன என்று சிங்களத்தில் கேட்டேன்.

"நம மொகத?"

அவர் பெயரைச் சொல்லவில்லை. சேர்ட் கைப் பொத்தானைக் கழற்றினார். இரண்டு கையையும் மேலே சுருட்டி, முழங்கைகளைத் திருப்பி என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

பின்னால் நின்ற ஆண்களும் ஒருவர்பின் ஒருவராகக் கையைச் சுருட்டினார்கள். ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஒரு பெரியவர் குனிந்து காற்சட்டையை முழங்காலுக்கு மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊரில் ஆமிச் சோதனை என்றால் அதுதான் வழக்கம். முழங்கையிலும் முழங்காலிலும் உரசின தழும்பு இருந்தால், இவன் நிலத்தில் ஊர்ந்து ஆயுதப் பயிற்சி எடுத்தவன் என்று லொறியில் ஏற்றிவிடுவார்கள். கேட்பதற்கு முன்பே காட்டிவிட்டால் அடி குறையும் என்று எங்கள் ஆண்கள் பழகியிருந்தார்கள். அந்தப் பழக்கம் விமானம் ஏறி இங்கேயும் வந்திருக்கிறது.

எனக்கு அடுத்த வசனம் மறந்துபோய்விட்டது. வாய் பேசாமல் நின்றேன். நான் நிற்க நிற்க அவர்களுக்குப் பயம் கூடியது. முன்னால் நின்றவர் சிங்களத்தில், தான் ஒன்றும் செய்யவில்லை, சேர், என்றார். திரும்பவும் அதையே சொன்னார். "இல்லை, அண்ணை, நான் தமிழ்" என்று தமிழில் சொல்ல வாயைத் திறந்தேன். கமெரா ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் வரவில்லை. அவர் என்னைத் தள்ளிக்கொண்டு கதவால் ஓடினார். வெறும் சேர்ட்டோடு பனிக்குள் ஓடினார்.

பெண்கள் அழத் தொடங்கிவிட்டார்கள். குளோத் எழும்பி, "கட்" என்றார், வழக்கம்போல மெல்ல. ஒவ்வொரு இடத்திலும் வேலை முடிந்ததும் எல்லோரும் அசையாமல் நிற்க, அந்த அறையின் மௌனத்தை மட்டும் தனியே பதிவு செய்வது வழக்கம். ஒலிப்பதிவாளர் அதற்காகக் கையை உயர்த்தினார். விசும்பல் நிற்கவில்லை, அன்று அவருக்கு அந்த மௌனம் கிடைக்கவில்லை.

ஆட்களைக் கூட்டிவந்தவர் பிலோமினா அக்கா. மன்னார்ப் பெண், எங்களுக்கெல்லாம் முன்னமே வந்து பிரெஞ்சு படித்து, ஒரு கார்டெரியில் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை செய்தவர். மொன்றியலில் இறங்குகிற எங்கள் ஆட்களுக்கு வீடு, டொக்டர், லோயர் எல்லாம் அவர்தான். அவர் என் முன்னால் வந்து நின்று தலைமுதல் கால்வரை பார்த்தார்.

"நீங்கள் தமிழோ?"

"ஓம் அக்கா. திருகோணமலை."

"நல்லாயிருக்கு" என்றார். ஓடினவருடைய குளிர் அங்கியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார். நானும் என் அங்கியைச் சீருடைக்கு மேலே போட்டுக்கொண்டு பின்னால் போனேன்.

ஓடினவர் பெயர் யோகன், மட்டக்களப்புக்குப் பக்கத்தில் ஒரு ஊர் என்று பிலோமினா அக்கா நடக்க நடக்கச் சொன்னார். அகதிக் கேசில் முதல் விசாரணைக்குப் போய் வாயே திறக்கவில்லையாம். "அங்க கேக்கிறதும் சொல்லுறதும் எழுத்தில அடிச்சு வேற ஊருக்குப் போகுது. முடிவு சொல்லுறவன் இந்த மனிசன்ர முகத்தைக் காணப்போறதில்லை. பேசாமல் இருந்தால் பேப்பரில என்ன இருக்கும்? லோயர் அழுது கெஞ்சி இன்னொரு நாள் எடுத்திருக்கிறா. அதுக்கும் வாய் திறக்காட்டில் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். ஆக்களோட பழகட்டும், மனம் கொஞ்சம் திறபடும் எண்டுதான் இதுக்குக் கூட்டிவந்தனான். வந்த இடத்தில நீங்கள் நிக்கிறியள்."

எனக்குக் குளிர் தெரியவில்லை. இந்த மனிதன் பனியில் விழுந்து செத்தால் நான்தான் கொன்றவன் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

பொழுது சாய்கிற நேரம் அவரைக் கண்டுபிடித்தோம். உடுப்புத் தோய்க்கிற கடை ஒன்றில், சூட்டில் உடுப்புக் காயவைக்கிற இயந்திரங்களுக்கும் சுவருக்கும் இடையில் இருந்தார். கண்ணாடிக்கு வெளியிலிருந்தே அவருடைய காலைக் கண்டேன். கதவைத் தள்ளப் போனேன். பிலோமினா அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீங்கள் வராதேங்கோ. உந்தச் சப்பாத்துச் சத்தம் கேட்டாலே போதும் அவருக்கு."

வெளியே நின்றேன். உள்ளே அக்கா முழங்காலில் இருந்து அவரோடு கதைத்துக்கொண்டிருந்தார். வெகுநேரத்துக்குப் பிறகு இருவரும் பின்கதவால் போனார்கள்.

மறுநாள் குளோத்திடம் போனேன். எடுத்த காட்சியைப் போட்டுப் பார்த்திருந்தார், முகமெல்லாம் வெளிச்சம். கையைச் சுருட்டச் சொல்லி யார் சொன்னது என்று கேட்டார். ஒருவரும் சொல்லவில்லை என்று சொல்லி, அந்த வழக்கத்தை விளங்கப்படுத்தினேன். தழும்பு, லொறி, ஓடின மனிதருடைய கேஸ், எல்லாம் சொன்னேன். அவர் பழம் உரிப்பதை நிறுத்திவிட்டார். கண் கலங்கியது, நான் பொய் சொல்லவில்லை. பிறகு கேட்டார்:

"அவர் திரும்பி வருவாரா? இன்னொரு தடவை, மற்றப் பக்கத்திலிருந்து எடுத்தால் போதும்."

நான் எழும்பி வந்துவிட்டேன். அந்த மனிதருக்கு நான் அதன்பிறகு பயம். இவ்வளவு இரக்கமும் இந்தக் கேள்வியும் ஒரே வாயில் இருக்கின்றனவே என்று பயம்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் கடைக்குப் போகவும் யோசனையாக இருந்தது. எங்கள் ஆட்கள் என்னைக் கண்டால் கதையை நிறுத்தினார்கள். நேசம் கதவில் யார் தட்டினாலும் துவாரத்தால் பார்க்காமல் திறக்கமாட்டாள். ஒருநாள் பின்னேரம், நான் மதுச்சாலையில் ஒலிவாங்கியைச் சரிபண்ணிக்கொண்டிருந்தபோது பிலோமினா அக்கா படியால் இறங்கி வந்தார். மதுச்சாலைக்குள் கால் வைக்கிற ஆளே அல்ல அவர்.

"யோகன் உங்களைக் கேக்கிறார்" என்றார்.

"என்னையோ?"

"அந்த ஆமிக்காரனைக் கூட்டி வாங்கோ எண்டவர். லோயரிட்ட."

"என்னால ஏலாது அக்கா. நான் பாட்டுக்காரன்."

"பாட்டுக்காரனெண்டால் பாடிக்கொண்டிருந்திருக்கலாமே? ஏன் அந்த உடுப்பைப் போட்டனீங்கள்?" என்றார். பிறகு குரல் தணிந்து, "எனக்கும் விருப்பமில்லை. ஆனால் அந்த மனிசன் இவ்வளவு நாளில வாய் திறந்து கேட்ட ஒரே விஷயம் இதுதான்" என்றார்.

போனேன். லோயர் ஒரு இளம்பெண், பிரெஞ்சுக்காரி, வீட்டின் முன்னறைதான் அவருடைய கந்தோர். ஈரச் சப்பாத்துகளை வாசலில் கழற்றிவிட்டு எல்லோரும் காலுறையோடு இருந்தோம். நான் நேசம் பின்னித் தந்த கம்பளிச் சட்டை போட்டிருந்தேன். ஆமிக்காரன் மாதிரி என்னில் ஒன்றும் இல்லை. யோகன் என் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சப்பாத்தைப் போடுங்கோ" என்றார்.

லோயரைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். போட்டுக்கொண்டு வந்தேன்.

"அங்க இல்லை. கதவுக்குப் பக்கத்தில. அவன் கதவுக்குப் பக்கத்தில நிண்டவன். வெளிச்சம் அவனுக்குப் பின்னால."

தள்ளி நின்றேன்.

"கையில கார்ட் இருக்கோணும்."

என்னிடம் இருந்தது மெட்ரோ அட்டைதான். அதைக் கையில் எடுத்தேன்.

"என்னைப் பாக்கக்கூடாது. அதைத்தான் பாக்கோணும். என்ர பேரைக் கேளுங்கோ. பேந்து, பக்கத்தில நிக்கிறவன் உன்ர தம்பியோ எண்டு கேளுங்கோ. சிங்களத்தில."

அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் தொடை ஆடியது, அவருக்குத் தெரியக்கூடாதென்று கதவோடு சாய்ந்துகொண்டேன். பெயரைக் கேட்டேன். சொன்னார். சொன்ன குரல் அவருடையது அல்ல, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் குரல். பிறகு அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். நான் வேணுமென்று பிந்தவில்லை. அவர் எழும்பி நின்று, பக்கத்தில் வெறும் இடத்தைப் பார்த்தார். அங்கே யாரோ நிற்பது போலவே பார்த்தார்.

கேட்டேன். இவன் உன் தம்பியா?

"ஓம் சேர்" என்றார். "என்ர தம்பி."

லோயர் பேனாவைத் தூக்கினார். பிலோமினா அக்கா மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். யோகன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்டைக்கு நான் இல்லையெண்டனான்."

யோகன் அந்த வெறும் இடத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவன் மேசன் வேலைக்குப் போறவன். முழங்கையெல்லாம் சீமெந்தில உரஞ்சின காயம். கையைச் சுருட்டினவுடனே பிடிச்சிட்டாங்கள். தம்பியெண்டு சொன்னால் என்னையும் ஏத்துவாங்கள் எண்டு பயத்தில, இவன் ஆரெண்டு எனக்குத் தெரியாது எண்டனான். அவன் ஒண்டும் சொல்லேல்ல. என்னை அண்ணை எண்டு கூப்பிடவும் இல்லை. லொறியில ஏறினவன் பிறகு வரேல்ல."

பிலோமினா அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு இருந்தார். லோயர் ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியில் நான்தான் கதவடியில் நின்றபடி ஆங்கிலத்தில் சொன்னேன். அன்று நான் இல்லையென்றேன், அவன் யாரென்று எனக்குத் தெரியாது என்றேன், என்று அவருடைய வாயாக இருந்து சொன்னேன். நான் சொல்லி முடிக்குமட்டும் யோகன் நின்றுகொண்டே இருந்தார். பிறகு, "இன்னும் இருக்கு. போயிடாதேங்கோ" என்றார். அந்தப் பின்னேரம் முழுக்கச் சொன்னார். ஊர், பள்ளிக்கூடம், லொறியின் நிறம், தாய் கேட்ட கேள்விகள், தாய்க்குச் சொன்ன பொய். லோயர் எழுதிக்கொண்டே இருந்தார். நான் சப்பாத்தைக் கழற்றவில்லை. கழற்றினால் அவர் நிறுத்திவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

இரண்டாவது விசாரணைக்கு என்னை உள்ளே விடவில்லை, தேவையும் இருக்கவில்லை. அங்கே தானாகவே சொன்னாராம். கேஸ் முடிய நீண்ட காலம் எடுத்தது, ஆனால் ஏற்றுக்கொண்டார்கள். எங்களுடையதும் பிறகு சரிவந்தது. தம்பியைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

படம் வெளிவந்தது. சனங்கள் கையைச் சுருட்டுகிற அந்தக் காட்சி அப்படியே இருந்தது. அதைப் பார்த்துத்தான் அடுத்த இயக்குநர் என்னைத் தேடி வந்தார், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர் வந்தார். முப்பது வருடம் அதிகாரி, சிறைக் காவலாளி, கடத்தல்காரன், துறைமுகத்துக் கொலைகாரன் என்று என் முகத்தை வைத்து வாங்கினார்கள். நான் சோறு தின்றது அந்தக் காட்சியில் என்று சொன்னால் பிழையில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தேன். காட்சிக்கு முன் எதிரில் நிற்கிறவர்களோடு இருந்து தேத்தண்ணி குடிப்பேன். அதற்கு ஒத்துக்கொள்ளாத வேலைகள் போயின.

யோகன் பிறகு லாசாலில் குடியேறினார். ஒரு தொழிற்சாலையில் வேலை, கலியாணம், இரண்டு பிள்ளைகள். அவருடைய மனைவி நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் எங்களுக்குப் பலகாரம் கொடுத்தனுப்புவா. அவரை ஒருநாள் காலையில் மெட்ரோவில் கண்டேன். இருந்த இடத்திலிருந்து எழும்பி நின்றார். "இருங்கோ யோகன்" என்றேன். இருக்கவில்லை. அடுத்த நிலையத்தில் இறங்கி, பக்கத்துப் பெட்டியில் ஏறினார். கண்ணாடியூடாகப் பார்த்தேன், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இன்னொரு நாளும் அப்படித்தான் நடந்தது. அவருக்கு அது வேலைக்குப் போகிற ரயில், வேறு வழியில்லை. எனக்குப் பஸ் இருந்தது. பிறகு நான் காலையில் மெட்ரோவில் போவதை விட்டுவிட்டேன்.